உப்புவெளி பாரில் எலக்ட்ரோனிக் டிரம் வாசிக்கப் போகிறவருக்கு

சாதாரண டிரம்மில் தோலை அடித்தால் சத்தம் அந்த இடத்திலேயே பிறக்கிறது. முன்மேசைக்காரருக்கும் கேட்கும், பக்கத்தில் கிட்டார் பிடித்தவருக்கும் கேட்கும், உங்களுக்கும் கேட்கும். எலக்ட்ரோனிக் டிரம்மில் பேட் என்ற தட்டை அடித்தால் ‘டக்’ என்று ஒரு ரப்பர் சத்தம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வயர், அடியை டிரம் சத்தமாக மாற்றும் பெட்டியான மொடியூல், எல்லாரின் சத்தத்தையும் சேர்க்கும் மிக்சர், ஸ்பீக்கர், கரண்ட். இதில் எது பிசகினாலும் நீங்கள் மேடையில் சும்மா கையை ஆட்டுகிற ஆள். அதனால் இங்கே நான் வாசிப்பு நுட்பத்தைவிட வயரையும் கரண்டையும் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறேன். வாசிக்கத் தெரியாமல் யாரும் பாருக்கு வாசிக்கப் போவதில்லை. வயர் தெரியாமல் போகிறவர்கள்தான் நிறைய.

நான் பகலில் ஏ.சி., ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். திருகோணமலை உவர்மலையில் வீடு. டிரம் பழகியது தேவாலயப் பாடகர் குழுவில். சீசன் நாட்களில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பகலில் கூலர் திருத்திய அதே இடத்திலேயே இரவில் வாசிப்பதும் உண்டு. ஆகவே மேடையைப் பார்க்கும் முன் சுவரில் உள்ள பிளக்கைப் பார்ப்பது என் பழக்கம். நீங்களும் அப்படியே பழகிக்கொள்ளலாம்.

இவ்வளவு சிக்கலென்றால் ஏன் இந்தச் சாமானைக் கொண்டுபோக வேண்டும்? ஹோட்டல்காரர் கேட்கிறார், அதனால்தான். பார் கீழே, அறைகள் மேலே. சாதாரண ஸ்னேரை, அதாவது சுள்ளென்று கேட்கும் நடு டிரம்மை, ஓங்கி அடித்தால் பக்கத்தில் நூறு டெசிபலைச் சுலபமாகத் தாண்டும், அதைக் குறைக்க ஒரு பொத்தானும் கிடையாது. எலக்ட்ரோனிக் டிரம்மில் மேனேஜர் தூரத்தில் நின்று கையைத் தாழ்த்திக் காட்டினால் போதும். வொல்யூம் குறையும், உங்கள் அடியின் அழுத்தம் மாறாது. இன்னொன்று, எங்கள் பக்கம் ஒரே இரவில் ஆங்கிலப் பாட்டு, ஹிந்திப் பாட்டு, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு என்று போய்க் கடைசியில் பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டில் நிற்கும். ரொக் டிரம், டோலக், தபேலா, கொங்கோ, பொங்கோ எல்லாம் ஒரே கதிரையிலிருந்து வாசிக்க இதைவிட்டால் வேறு வழியில்லை.

இசைக்குழுக்காரருக்கு இது புதுச் சாமானும் இல்லை. சிம்மன்ஸ் கொம்பனி 1981இல் அறுகோணப் பேட் போட்ட முழு எலக்ட்ரோனிக் கிட்டை விற்கத் தொடங்கியது. அது கல்லுப் போல இறுகினது, வாசித்தவர்களின் மணிக்கட்டு நொந்துபோனது. 1985இல் எட்டுப் பேட்டை ஒரே பெட்டியில் வைத்த ரோலண்ட் ஒக்டாபேட் வந்தது. கோயில் திருவிழா மேடைகளில் ‘பேட் அடிக்கிறவர்’ என்றால் அந்த வழியில் வந்தவர்தான். 1997இல் ரோலண்டின் வி-டிரம்ஸ் வலைத்தோலோடு வந்தது. வலைத்தோலில்தான் குச்சி தோலில் துள்ளுவதுபோலத் துள்ளும். வாங்கப்போகிறீர்கள் என்றால் ஸ்னேராவது வலைத்தோலாக இருக்கட்டும். மூன்று மணித்தியாலம் ரப்பரில் வாசித்தால் அடுத்த நாள் ஸ்பானர் பிடிக்க முடியாது.

பகலில் ஒருக்கா போய்ப் பாருங்கள்

வாசிக்க ஒப்புக்கொள்வதற்கு முன் பகலில் அந்த இடத்துக்குப் போங்கள். வாசலில் நின்று மேனேஜரோடு கதைத்துவிட்டு வருவது போதாது. உங்கள் கதிரை எங்கே வரும், பிளக் எங்கே இருக்கிறது, மிக்சர் எங்கே இருக்கிறது, ஸ்பீக்கர் எத்தனை அங்குலம், தரை என்ன தரை என்று பாருங்கள். டைல்ஸ் தரையென்றால் காலால் மிதித்து அடிக்கும் கிக் பேட் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் ஒட்டிய கார்ப்பெட் துண்டு ஒன்று கட்டாயம். மணலுக்கு மேல் போட்ட பலகை மேடையென்றால் ஹைஹட் என்ற இரட்டைச் சிம்பலின் ஸ்டாண்ட் சரிந்து நிற்கும், அதற்கும் அந்தக் கார்ப்பெட்தான். வீட்டில் கிட்டைப் பூட்டி, ஒவ்வொரு கால் நிற்கிற இடத்தையும் கார்ப்பெட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால், பாரில் இருட்டில்கூடக் கெதியாகப் பூட்டிவிடலாம்.

கடற்கரையைப் பார்த்த பார் என்றால் காற்றையும் கவனியுங்கள். சீசன் என்பது மே முதல் செப்டெம்பர் வரை, அதாவது கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலம். அந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், மணலையும் கிளப்பும். திறந்த மேடையில் சிம்பல் சத்தத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போக, மேசைகளுக்குக் கிக் மட்டும்தான் போய்ச் சேரும். இதைச் சவுண்ட் செக்கில் கண்டுபிடிப்பதைவிடப் பகலில் ஊகிப்பது நல்லது.

திகதி சொல்லும்போது கலண்டரையும் பாருங்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் இலங்கையில் மது விற்க முடியாது, பார் மூடிக் கிடக்கும். ‘சனிக்கிழமைதானே’ என்று வாயால் ஒப்புக்கொண்டு, பிறகு அது போயா என்று தெரிந்து ஆளையாள் தேடுகிற கதை இங்கே வருடா வருடம் நடக்கும். ஒலிபெருக்கிக்குரிய பொலிஸ் அனுமதி யார் எடுப்பது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அது ஹோட்டல்காரர் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் நடு இரவில் பொலிஸ் வந்தால் கண்ணுக்கு முதலில் தெரிவது மேடையில் இருக்கிற நீங்கள்தான்.

கரண்ட்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்கிறேன், என் தொழில்.

பார் என்றால் ஃபிரிட்ஜ், போத்தல் கூலர், ஐஸ் மெஷின். ஒவ்வொன்றிலும் கொம்ப்ரஸர். ஓடிக்கொண்டிருக்கும் கொம்ப்ரஸர் இழுக்கும் கரண்டைவிட, அது ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு. உங்கள் மொடியூலும் அந்தக் கூலரும் ஒரே லைனில் இருந்தால், கூலர் ஸ்டார்ட் ஆகும்போது லைட் ஒருக்கா மங்கும். அதே நேரம் மொடியூலும் ஒருக்கா கண்ணை மூடித் திறக்கும். திறந்து பழைய நிலைக்கு வரச் சில மொடியூல்களுக்குப் பல நொடிகள் எடுக்கும். பாட்டின் நடுவில் பல நொடிகள் என்றால் எவ்வளவு நீளம் என்று மேடையில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே முதல் கேள்வி: ‘கூலர் இல்லாத லைன் எது?’ பார்மேனுக்குத் தெரியாவிட்டால் ஹோட்டலின் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். நல்ல லைன் தூரத்தில் இருந்தால் தடித்த வயரில் செய்த எக்ஸ்டென்ஷன் கொண்டுபோங்கள். மெல்லிய வயரில் இருபது முப்பது அடி இழுத்து, அதிலேயே அம்ப்ளிஃபயர், பெடஸ்டல் ஃபேன், கலர் லைட் எல்லாம் கொழுவினால் வோல்டேஜ் நுனியில் இறங்கிவிடும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷனைச் சுருட்டிய மாதிரியே பாவிக்க வேண்டாம், சூடேறும். முழுதாக விரியுங்கள். பிளக்கும் ஒரு பிரச்சினை: புதுக் கட்டடத்தில் 13 அம்பியர் சதுரக் கால், பழைய கட்டடத்தில் உருண்டைக் கால். இரண்டுக்கும் மாற்றி வைத்திருங்கள்.

அதற்கு மேல் நான் சொல்வது ஒரு சின்ன யு.பி.எஸ். கொம்பியூட்டருக்குப் பாவிப்பதே போதும். மொடியூல் இழுப்பது மிகக் கொஞ்சக் கரண்ட், ஆகவே நெடுநேரம் தாங்கும். ஸ்பீக்கரை அதில் கொழுவாதீர்கள். கரண்ட் நின்று ஜெனரேட்டர் எடுக்கும் வரை ஸ்பீக்கர் ஊமைதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஸ்பீக்கர் திரும்ப உயிர் வரும் அதே கணத்தில் உங்கள் டிரம்மும் வரும். பாடகர் ‘ஒன், டூ’ சொன்னவுடன் நீங்கள் தயார்.

மொடியூலின் அடாப்டரில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள். 9 வோல்ட் என்று இரண்டு அடாப்டரில் போட்டிருந்தாலும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது எல்லாக் கொம்பனிக்கும் ஒன்றில்லை. கிட்டார்காரரின் பெடலுக்குரியதை இருட்டில் மாறிக் கொழுவினால் மொடியூல் போய்விடலாம்.

இரைச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் நிற்காமல் வந்தால் பெரும்பாலும் எர்த் பிரச்சினை, அல்லது யாரோ ஒருவரின் லெப்டொப் சார்ஜர். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதிக் கதை அங்கேயே முடியும். அதற்காக யாராவது பிளக்கின் எர்த் காலை வெட்டவோ டேப் சுற்றவோ வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கடற்கரை, ஈரக் கால், உலோக மைக். உயிர் போகிற விஷயம். இரைச்சலுக்கு மருந்து டி.ஐ. பொக்ஸ், அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது

மொடியூலோடு வரும் கிட்கள், அதாவது சத்தத் தொகுப்புகள், ஹெட்ஃபோனில் கேட்டு வாங்குவதற்காகச் செய்தவை. பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல ரிவேர்ப் நிறைந்து கிடக்கும். பாரில் அந்த ரிவேர்ப் சுவரின் எதிரொலியோடு சேர்ந்து சேறாகிவிடும். ரிவேர்ப், அம்பியன்ஸ் இரண்டையும் முழுதாக நிறுத்துங்கள். வீட்டில் கேட்க வறட்சியாக இருக்கும். அது சரிதான், மிச்சத்தைப் பார் போட்டுக்கொள்ளும்.

ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் தீர்மானிக்கவும் வேண்டாம். உங்களிடம் இருக்கிற ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் வயிற்றைக் கலக்குகிற கிக், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைத்த பாரில் காணாமல் போகும். அந்த ஆழமான சத்தத்தை அந்த ஸ்பீக்கரால் தர முடியாது. அதனால் குச்சித் தலை தோலில் படுகிற ‘டக்’ கொஞ்சம் கூடிய கிக் சத்தமாகத் தெரிவுசெய்யுங்கள். மிக்சரில் 80 முதல் 100 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சமும் 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சமும் ஏற்றினால் மேசைகளுக்குப் போய்ச் சேரும். அதற்கும் கீழே ஏற்றினால் ஸ்பீக்கர் கூம்பு தவிக்குமே தவிரச் சத்தம் வராது.

அடுத்தது முக்கியம், பலர் விடுகிறது. மொடியூலில் உள்ள கிட்கள் ஒன்றுக்கொன்று வொல்யூம் வேறு. ரொக் கிட்டிலிருந்து தபேலா கிட்டுக்கு மாறினால் சத்தம் திடீரென்று பாதியாகும், சவுண்ட்காரர் ஏற்றுவார், நீங்கள் திரும்ப ரொக்குக்கு வந்தால் முன்மேசைக்காரரின் கையிலிருக்கும் கிளாஸ் நடுங்கும். ஒரு கிட்டைத் தாய்க் கிட் என்று வைத்து, அதற்குச் சமமாக மற்ற ஒவ்வொன்றின் வொல்யூமையும் ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபண்ணிச் சேமியுங்கள். பிறகு அந்தக் கிட்களை இரவில் வாசிக்கப்போகும் ஒழுங்கில் அடுக்குங்கள். சில மொடியூலில் செட் லிஸ்ட் வசதியே இருக்கும். எட்டுக் கிட்டுக்கு மேல் வேண்டாம். ஐம்பது கிட் இருக்கிற மொடியூலில் இருட்டில் தேடி நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சென்சிடிவிட்டி பற்றி: வீட்டில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து மெல்ல அடித்துப் பழகுகிறோம். பாரில் கூட்டத்தைப் பார்த்ததும் கை தானாகப் பாரமாகும். மொடியூல் ஒவ்வொரு அடியையும் 127 வரையுள்ள எண்ணாகத்தான் அளக்கிறது. எல்லா அடியும் 127இல் போய் முட்டினால் மெல்லியது, பலமானது என்ற வித்தியாசம் செத்துவிடும். மெஷின் வாசிப்பதுபோல இருக்கும். வீட்டில் ஒரு நாள் வேண்டுமென்றே பலமாக அடித்து, பலமான அடி மட்டும் உச்சத்தைத் தொடும்படி சென்சிடிவிட்டியைக் குறைத்து வையுங்கள்.

ஒரு பேட்டை அடிக்கப் பக்கத்துப் பேட் சேர்ந்து முனகினால் அது குரோஸ்டோக். எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டியிருப்பதால் அதிர்வு ஓடுகிறது. முதலில் ஸ்குரூக்களைப் பாருங்கள், தளர்ந்த பூட்டுதான் பெரும்பாலும் காரணம். அதன்பிறகு மொடியூலில் குரோஸ்டோக் அளவைக் கூட்டுங்கள். பாரில் வேறொரு வகை முனகலும் வரும்: பேஸ் ஸ்பீக்கர் உங்களுக்குப் பின்னால் இருந்தால் அதன் அதிர்வே கிக்கைத் தட்டிவிடும். சவுண்ட் செக்கில் கையையும் காலையும் எடுத்துவிட்டு, பேஸ் கிட்டார்காரரிடம் அடி நரம்பைப் பலமாக வாசிக்கச் சொல்லுங்கள். மொடியூலில் ஏதாவது லைட் சிமிட்டினால் அந்தப் பேட்டின் த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு பலமான அதிர்வை அடியாக எடுக்க வேண்டும் என்ற எல்லையை, ஏற்றுங்கள்.

மிக்சருக்குப் போகும் வயர்

பாரில் இருக்கிற ஸ்பீக்கர் இரண்டு என்றாலும் பெரும்பாலும் மோனோதான். ஒன்று மேடைப் பக்கம், மற்றது சமையலறை வாசலில். ஆகவே ஸ்டீரியோவாக அனுப்பி ஒரு பயனும் இல்லை. மொடியூலில் எல்/மோனோ என்று எழுதிய ஓட்டையில் மட்டும் வயரைக் கொழுவினால் இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அந்த வயர் நேராக மிக்சருக்குப் போகக் கூடாது. மைக் வயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டியான டி.ஐ. பொக்ஸில் நுழைந்து, அதிலிருந்து மைக் வயர் வழியாக மிக்சருக்குப் போக வேண்டும். கிட்டார் வயரைத் தூரத்துக்கு இழுத்தால் வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் அள்ளும். மைக் வயர் அள்ளாது. டி.ஐ. பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். மேலே சொன்ன ‘ம்ம்ம்’ இரைச்சலுக்கு அதைத் தட்டிப் பாருங்கள். கரண்ட் தேவையில்லாத பாசிவ் வகையை வாங்கினால், மிக்சர் மைக் வயர் வழியாக 48 வோல்ட் தராவிட்டாலும் வேலை செய்யும். கடையில் மலிவாகக் கிடைக்கும், ஹோட்டலில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இருக்காது.

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். சவுண்ட்காரர் ‘கிக்கை மட்டும் கூட்டவேணும்’ என்பார். எல்லாம் ஒரே வயரில் வந்தால் கிக்கைக் கூட்டச் சிம்பலும் கூடும். விலை கூடிய மொடியூலில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி அவுட் இருக்கும், எங்களிடம் இருப்பதில் இல்லை. அதற்கு வழி: மொடியூலில் கிக்கை முழுதாக இடப்பக்கம் தள்ளுங்கள், மிச்சம் எல்லாவற்றையும் முழுதாக வலப்பக்கம் தள்ளுங்கள். இரண்டு வயர், இரண்டு டி.ஐ., மிக்சரில் இரண்டு சானல், இரண்டையும் நடுவில் வையுங்கள். இப்போது கிக் தனி, மிச்சம் தனி. உங்கள் ஹெட்ஃபோனில் கிக் இடக் காதில் மட்டும் கேட்கும், கொஞ்சம் பைத்தியம் பிடித்தாற்போல இருக்கும், இரண்டு பாட்டுக்குள் பழகிவிடும். இதை எல்லாக் கிட்டுக்கும் செய்து சேமிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பாட்டில் சவுண்ட்காரர் உங்களைப் பார்த்து முறைப்பார்.

சவுண்ட் செக்கில் மொடியூல் வொல்யூமை முக்கால் பங்கில் வைத்து, இரவில் அடிக்கப்போகிற ஆகப் பலமான அடியை முதலில் அடியுங்கள். மிக்சரில் சிவப்பு லைட் எரியாதவரை சவுண்ட்காரர் கெயினை, அதாவது உள்ளே வரும் சத்தத்தின் அளவை, ஏற்றட்டும். அதன்பிறகு மொடியூல் வொல்யூமைத் தொடாதீர்கள். நீங்கள் ஒரு பக்கம் ஏற்ற, அவர் மற்றப் பக்கம் இறக்க, இரவு முழுக்கக் கயிறிழுப்பாகிவிடும். தேவையென்றால் அவரிடம் கேளுங்கள். சவுண்ட்காரர் என்று தனி ஆள் இல்லாத பாரில் கீபோர்ட்காரர்தான் மிக்சரும் பார்ப்பார். அவரோடு கைச்சைகை ஒன்றைப் பேசி வையுங்கள்.

நீங்களும் மற்றவர்களும் கேட்பதற்கு

எலக்ட்ரோனிக் டிரம்மில் நல்ல விஷயம், மைக் இல்லை, ஆகவே டிரம்மிலிருந்து ஸ்பீக்கர் கூவாது. கெட்ட விஷயம், மேடையில் இருப்பவர்களைப் பார்த்து வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் மேடையில் யாருக்கும் டிரம் இல்லை. முன்னால் சனத்தைப் பார்த்து நிற்கிற ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் அடி உங்களிடம் திரும்பிவர ஏறத்தாழ 30 மில்லி நொடி பிந்தும். அதைக் கேட்டு வாசித்தால் அதற்காகக் காத்திருந்து காத்திருந்து பாட்டு இழுபடும். பிறகு பாடகர், ‘என்ன தம்பி நித்திரையே?’ என்பார்.

அம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குலப் பவர்ட் ஸ்பீக்கர் ஒன்றை உங்கள் பக்கத்தில், பேஸ்காரருக்கும் கேட்கும்படி சரித்து வையுங்கள். அதுதான் என் முதல் தெரிவு. ஹெட்ஃபோன் மட்டும் போட்டால் உங்களுக்குக் கேட்கும், பேஸ்காரர் அநாதை. டிரம்மும் பேஸும் ஒட்டாவிட்டால் மேலே எவ்வளவு வடிவாகப் பாடினாலும் ஆட்கள் எழும்பி ஆட மாட்டார்கள். மொனிட்டர் ஸ்பீக்கரைக் காதுக்கு நேரே ஓங்கி வைக்கவும் வேண்டாம். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்பது வேலைத்தலக் கணக்கு.

முன்மேசைக்குக் கேட்கும் இன்னொரு சத்தம் உண்டு: ரப்பர் சிம்பலில் குச்சி படும் ‘தட்தட்’. கூட்டம் ஆரவாரமாக இருக்கும்போது தெரியாது. இரவுச் சாப்பாட்டு நேரம், மெல்லிய பாட்டு ஒன்றில், இரண்டாவது மேசைக்காரருக்கு உங்கள் ஹைஹட்டைவிட அந்தத் ‘தட்தட்’ முன்னால் கேட்கும். அந்த நேரத்துக்கு மெல்லிய குச்சி வைத்திருங்கள், பேட்டின் விளிம்பைத் தொடாமல் நடுவில் அடியுங்கள். கிட்டை மேசைக்கு மிகக் கிட்ட வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

வாசிப்பு

இதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. குறைவாக வாசியுங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட வந்தவருக்கு டொம் டிரம்களில் உருட்டு வேண்டாம். ஒன்பதரைக்குப் பிறகு அவரே கேட்பார்.

நொன்ஸ்டொப் பைலா மட்டும் தனிக் கதை. கொழும்பிலிருந்து குடும்பமாக வந்தவர்கள் இருந்தால் அது இல்லாமல் இரவு முடியாது. ஆறெட்டுத் தாளம், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லை, இருபது நிமிடம் போகலாம். நடுவில் கிட் மாற்ற நேரமும் இல்லை. சில மொடியூலில் கிட்டை மாற்றினால் முந்திய சிம்பல் சத்தம் கத்தரித்தாற்போல நின்றும்விடும். இதற்கென்று ஒரே ஒரு கிட் செய்யுங்கள்: கிக், ஸ்னேர், ஹைஹட் வழக்கம்போல. டொம்கள் இருக்கிற இடத்தில் பொங்கோ இரண்டு, கொங்கோ ஒன்று. ஸ்னேரின் விளிம்பில் மாட்டுமணி. கரையோர மணலில் ஆடுகிறவர்களுக்கு இது போதும். வேகத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றிவிடாதீர்கள். பாடகர் ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் ஏற்றுவார், கடைசியில் உங்கள் கால் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்ப் பாட்டுக்கு டோலக், தபேலா சத்தத்தைக் குச்சியால் அடிக்கும்போது மூன்று நான்கு சத்தம் மட்டும் எடுத்து, அவற்றைக் கைக்குக் கிட்டவான பேட்களில் வையுங்கள். கையால் வாசிப்பவரின் எல்லா விரல் வேலையையும் குச்சியில் காட்டப்போனால் தகரம் தட்டுவதுபோலக் கேட்கும்.

ஆட்கள் பற்றி ஒன்று. நள்ளிரவு நெருங்கும்போது ஒருவர் கட்டாயம் வருவார். ‘அண்ணை, ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டே?’ கையில் கிளாஸ் இருக்கும். சண்டை வேண்டாம், கொள்கை விளக்கமும் வேண்டாம். ‘கரண்டுச் சாமான் தம்பி, ஈரக் கையோட தொட்டா அடிக்கும்’ என்று சொல்லுங்கள். மொடியூல் ஓடுவது ஒன்பது வோல்ட்டில் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கிளாஸை மொடியூலுக்கு மேல் வைக்கிறவருக்கும் இதே பதில்.

கிக் வயர், ஸ்னேர் வயர் இரண்டுக்கும் மேலதிகம் ஒன்று பையில் இருக்கட்டும். காலும் கையும் அதிகம் படுவது அந்த இரண்டில்தான். ஸ்னேர் திடீரென்று ஊமையானால் பாட்டை நிறுத்தாமல், ஒரு டொம்முக்கு ஸ்னேர் சத்தத்தை மாற்றி வைத்த ஒரு அவசரக் கிட்டுக்குத் தாவலாம். அதையும் வீட்டிலேயே செய்து, எட்டில் கடைசியாக வையுங்கள்.

முடிந்த பிறகு

காசு, சாப்பாடு, ஆட்டோச் செலவு மூன்றையும் போன கிழமையே பேசியிருக்க வேண்டும். முடிந்த பிறகு பேசினால் மேனேஜர் கணக்குப் பார்க்கப் போய்விட்டார் என்ற பதில்தான் வரும். நிலாவெளியிலிருந்து சாம்பல்தீவுப் பாலம் தாண்டி டவுனுக்கு வர அந்த நேரத்தில் ஆட்டோ சுலபமில்லை. வந்த ஆட்டோக்காரரையே நேரம் சொல்லி மறித்து வையுங்கள். மொடியூல் மடியில் வரட்டும். சட்டமும் பேட்களும் பின்னால் போகலாம்.

உப்புக் காற்றுக்கு எதிராக அன்றிரவே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டத்தையும் சிம்பல் தண்டுகளையும் துடைத்து, உலர் துணியால் இன்னொருக்கா துடையுங்கள். விடியட்டும் என்று விட்டால் ஸ்குரூக்களில் துருப் பூத்துவிடும். வயர் நுனிகளைக் கொன்டக்ட் கிளீனர் தெளித்த துணியால் துடையுங்கள். மொடியூலின் ஓட்டைகளுக்குள் நேராகத் தெளிக்க வேண்டாம். வலைத்தோலில் மணல் நின்றால் தூரிகையால் தட்டுங்கள். மொடியூல் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். ஃபிரிட்ஜ் பெட்டிகளோடு எனக்கு அவை சும்மா கிடைக்கின்றன, உங்களுக்கும் தெரிந்த எலக்ட்ரிக் கடைக்காரர் தருவார்.

நவம்பரில் வாடை என்ற வடகிழக்குக் காற்று தொடங்க உப்புவெளி வெறிச்சோடும், கிட்டும் வீட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். மழை ஈரம் கச்சானைவிடக் கெட்டது. கிழமைக்கு ஒருக்கா மொடியூலைப் போட்டு அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், அந்தச் சூடு உள்ளே ஈரம் நிற்க விடாது. நீங்கள் செய்த கிட்கள் எல்லாவற்றையும் ஒரு யு.எஸ்.பி.யில் எடுத்து, அதை மொடியூல் பையில் வைக்காமல் வீட்டு அலுமாரியில் வையுங்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.